பூ வாங்கும் முன் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்

எங்கள் குடும்பம் கூடுவதென்றால் எங்கள் வீட்டில்தான். கூடம் சற்றுப் பெரிது, மாடிப்படி ஏற வேண்டியதில்லை. இந்த இரண்டு தகுதிகள் போதும் என்று பெரியவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். பருவம் மாறும்போதெல்லாம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார்கள். சமையல் வேலை பல கைகளுக்குப் பிரிந்துவிடும். வீட்டையும் மேசையையும் அலங்கரிப்பது மட்டும் என் தலையில். பிடித்த வேலை என்பதால் நானும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அலங்காரப் படங்களை நானும் ஆசையாகப் பார்ப்பவள்தான். அவற்றில் பெரும்பாலானவை நின்றுகொண்டு எடுத்த படங்கள். மேசையைச் சுற்றி ஆளே இருக்காது. நம் வீட்டிலோ பத்து நிமிடத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் இரண்டு மூன்று மணி நேரம் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் எதையும் வாங்குவதற்கு முன்பு ஒவ்வொரு நாற்காலியிலும் போய் உட்கார்ந்து பார்ப்பேன். எதிரே இருப்பவர் முகம் தெரிகிறதா, விளக்கு கண்ணைக் குத்துகிறதா, முழங்கை எங்கே இடிக்கும், எழுந்து போக வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். பாதி முடிவுகள் அங்கேயே எடுத்தாகிவிடும்.

சாப்பாட்டு மேசையின் உயரம் பொதுவாக 75 செ.மீ. நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரின் கண், மேசைப் பரப்புக்கு மேலே ஏறத்தாழ 40 முதல் 50 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஆகவே நடுவில் 30, 40 செ.மீ. உயரத்துக்கு ஒரு பூங்கொத்தை வைத்தால் அது சரியாக எதிராளியின் முகத்தை மறைக்கும். உறவினர் வீட்டு விருந்து ஒன்றில் பிரமாதமான ஒரு பூச்சாடி இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பாராட்டினார்கள். பரிமாற ஆரம்பித்ததும் எங்கள் அத்தை, "ஏம்மா, அந்தப் பூவைக் கொஞ்சம் கீழ எறக்கி வையேன். உங்க மாமா குரல்தான் வருது, ஆளைக் காணோம்" என்றார். அதன் பிறகு அது சுவரோரமாகத் தரையில்தான் இருந்தது. இதற்கு அளவுகோல் நம் கையிலேயே இருக்கிறது. முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நிமிர்த்துங்கள். மணிக்கட்டுக்கு மேலே எதுவும் போகக் கூடாது. உயரமாகத்தான் வேண்டும் என்றால் மெல்லிய தண்டு மேல் 60 செ.மீ.க்கும் மேலே பூ தொடங்கும்படி அமைக்கலாம். அப்போது பார்வை பூவுக்குக் கீழே போய்விடும். ஆனால் அப்படிப்பட்ட தாங்கி எளிதில் சாயும். குழந்தைகள் விரிப்பைப் பிடித்து இழுக்கும் வீட்டுக்கு அது சரிவராது.

ட்யூலிப் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வெட்டிய பிறகும் அதன் தண்டு வளரும், வெளிச்சம் வரும் பக்கம் வளையும். முந்தின நாள் அளவாக வெட்டி வைத்தது மறுநாள் எதிராளியின் மூக்கு வரை வந்து நிற்கும்.

அடுத்தது இடம். ஒருவர் சிரமமில்லாமல் சாப்பிட மேசையோரத்தில் 60 செ.மீ. வேண்டும், 75 கிடைத்தால் சுகம். 180க்கு 90 செ.மீ. மேசையில் ஆறு பேர் நிம்மதியாக உட்காரலாம். இரண்டு முனைகளிலும் ஒவ்வொருவரைச் சேர்த்தால் எட்டு, ஆனால் மூலைகளில் முழங்கால் முட்டும். 150 செ.மீ. விட்டமுள்ள வட்ட மேசையின் சுற்றளவு சுமார் 470 செ.மீ., அதிலும் எட்டுப் பேர் கொள்ளும். மூலை இல்லாததால் அங்கே யாரும் ஒதுக்கப்பட்டவராகத் தெரிய மாட்டார். நீள மேசையில் பேச்சு தானாகவே இரண்டு மூன்றாகப் பிரிந்துவிடும். அதை நான் குறையாக நினைப்பதில்லை. எல்லாரும் எல்லாரோடும் பேச வேண்டும் என்று என்ன கட்டாயம்?

நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் பாத்திரத்தோடு கடந்து போக, மேசை விளிம்பிலிருந்து சுவர் வரை 90 செ.மீ.யாவது இருக்க வேண்டும். சுவரோரம் ஓர் அழகான மர ஸ்டாண்டை வைத்துவிட்டு அந்த வழியை அடைப்பவர்கள் நிறையப் பேர். அந்த ஸ்டாண்டை ஒருநாள் மட்டும் படுக்கையறைக்கு அனுப்பினால் வீடு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். இடது கைக்காரர் யாராவது வந்தால் மேசையின் இடது மூலையில் அவருக்கு இடம் போடுங்கள், பக்கத்து ஆளின் வலது முழங்கையோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. முதியவர்களுக்குக் கைப்பிடி உள்ள நாற்காலி, கழிப்பறைக்குப் போகும் வழிப்பக்கமாக. எங்கள் பெரியப்பா இதை வாய்விட்டுக் கேட்க மாட்டார். நாமாகவே செய்துவிட்டால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வார்.

இதெல்லாம் அலங்காரமா என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் அலங்காரத்தில் முக்கால் பங்கு. மிச்சம் இருப்பது வெளிச்சமும் துணியும் பூவும். அதிலும் வெளிச்சத்துக்குத்தான் முதலிடம்.

கூடத்தின் நடுவில் எரியும் ஒற்றை விளக்கு யாரையும் அழகாகக் காட்டாது. வெளிச்சம் தலைக்கு மேலிருந்து மட்டும் விழுந்தால் கண்ணுக்குக் கீழேயும் மூக்கின் கீழேயும் நிழல் விழும், ஊரிலிருந்து களைத்து வந்தவர் இன்னும் களைத்துத் தெரிவார். அறையின் ஓரங்களில் தாழ்வாக மூன்று நான்கு விளக்குகள் இருந்தால் அந்த நிழல் கரைந்துவிடும். மேசை விளக்கு இல்லையென்றால் படிக்கும் விளக்கைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாலும் போதும். எல்.இ.டி. பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் உள்ள கெல்வின் எண்ணைப் பாருங்கள். 2700 முதல் 3000 வரை என்றால் இளமஞ்சள் வெளிச்சம், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. பிந்தையது வேலை செய்யும் அறைக்கு நல்லது, விருந்து மேசைக்கு ஒத்துவராது. அதே பெட்டியில் சி.ஆர்.ஐ. என்றும் ஓர் எண் இருக்கும். அது 90ஐ ஒட்டி இருந்தால் முகத்தின் நிறமும் உணவின் நிறமும் உள்ளபடியே தெரியும். இரண்டு வகை பல்புகளை ஒரே அறையில் கலந்து எரியவிடாதீர்கள், ஒருவர் முகம் மஞ்சள், பக்கத்தவர் முகம் நீலம் என்றாகிவிடும்.

மங்கலான வெளிச்சம் அழகு என்று நினைத்து எல்லாவற்றையும் அணைப்பவர்களும் இருக்கிறார்கள். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கும், கண்ணின் லென்ஸும் மஞ்சளாகும். அதனால் பெரியவர்களுக்கு நம்மைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். தட்டில் இருப்பது என்ன என்று தெரியாமல் தடவித் தடவிச் சாப்பிடுவது அவர்களுக்கு எவ்வளவு சங்கடம்! அறையை மங்கலாக்குங்கள், மேசையை மங்கலாக்காதீர்கள். வாசல்படி, குளியலறை வழி இரண்டும் பளிச்சென்று இருக்கட்டும்.

சீரியல் லைட் எனக்கும் பிடிக்கும். ஆனால் மலிவானவற்றில் சில கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். விளக்குக்கு முன்னால் கையை வேகமாக ஆட்டிப் பாருங்கள். விரல்கள் பல துண்டுகளாகத் தெரிந்தால் அது துடிக்கிற விளக்கு. கொஞ்ச நேரத்தில் தலைவலி வருகிறவர்கள் நம் கூட்டத்தில் யாராவது இருப்பார்கள். ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸுக்கு இழுத்து, அதிலிருந்து மூன்றாவதற்கு இழுப்பது வேண்டவே வேண்டாம். கம்பளத்துக்கு அடியில் வயரை ஓட்டுவதும் அப்படித்தான். மேலே நடந்து நடந்து உறை தேயும், சூடும் வெளியேறாது. வெளிவாசலில் கட்டுவதற்கு மழை, ஈரம் தாங்கும் வகை தனியாகவே விற்கிறது.

மெழுகுவத்தி ஏற்றுவதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. சாப்பாட்டு மேசையில் வாசனை மெழுகுவத்தி கூடவே கூடாது. உணவின் மணத்தோடு அது சண்டை போடும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இருமலைக் கிளப்பும். திரியை ஆறு மில்லிமீட்டர் அளவுக்குக் கத்தரித்துவிட்டு ஏற்றினால் புகையும் கரியும் குறைவு. பற்றக்கூடிய எந்தப் பொருளும் 30 செ.மீ. தூரத்துக்குள் இருக்கக் கூடாது. திரைச்சீலை, காய்ந்த இலை, காகிதத் தோரணம், தொங்கும் துப்பட்டா எல்லாமே இதில் அடக்கம். மின்விசிறிக்கு அடியில் ஏற்றினால் ஒரு பக்கமாகவே உருகி விரிப்பில் வழியும். சிறிய டீலைட் வகை பொதுவாக நான்கு மணி நேரம் எரியும் என்பதால் கடிகாரமாகவும் பயன்படும். அது அணையும் நேரத்தில் யாராவது கொட்டாவி விட ஆரம்பித்திருப்பார்கள். ஓடியாடும் குழந்தைகள் இருக்கிற கூட்டம் என்றால் யோசிக்காமல் பேட்டரி மெழுகுவத்திக்குப் போய்விடுங்கள். யாரும் வந்து உண்மையான மெழுகா என்று தொட்டுப் பார்க்கப்போவதில்லை.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மேசை விளிம்பிலிருந்து 20 முதல் 30 செ.மீ. வரை தொங்கினால் போதும். 180க்கு 90 மேசைக்கு, நாலு பக்கமும் 25 விட்டால், 230க்கு 140 அளவுள்ள விரிப்பு. அதைவிட நீளமானால் மடியில் வந்து விழும், எழும்போது காலில் சிக்கும். அடியில் பழைய கம்பளி ஒன்றை விரித்துக்கொண்டால் பாத்திரச் சத்தம் அடங்கும், சூட்டுத் தழும்பும் மரத்தில் விழாது. பருத்தி விரிப்பை முழுதாகக் காயவிடாமல் ஈரப்பதமாக இருக்கும்போதே இஸ்திரி போட்டால் சுருக்கம் எளிதில் போகும். மெழுகு சிந்திவிட்டால் பதறித் தேய்க்காதீர்கள். பனிக்கட்டி வைத்து இறுகவிட்டுச் சுரண்டி எடுத்து, மிச்சத்துக்கு மேலேயும் கீழேயும் அச்சில்லாத காகிதம் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். வண்ண மெழுகு என்றால் சாயக்கறை தங்கலாம். அதனால்தான் நான் வெள்ளை மெழுகோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நிறத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே உபாயம்: விரிப்பிலோ தட்டிலோ உள்ள ஒரு நிறத்தை எடுத்துக்கொண்டு, அறையில் இன்னும் இரண்டு இடங்களில் அதைத் திரும்பக் கொண்டுவருவது. மெத்தை உறை ஒன்று, வாசலில் ஒரு ரிப்பன். அவ்வளவுதான். தட்டுகள் ஒரே செட்டாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மூன்று தலைமுறைத் தட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தால் அதுவே வேண்டுமென்று செய்ததுபோல் இருக்கும், "இது எங்கம்மா வீட்டுத் தட்டாச்சே" என்று யாராவது பேச்சையும் தொடங்கிவிடுவார்கள்.

பூவுக்கு வருகிறேன். ஒரு பெரிய கொத்தைவிடச் சின்னச் சின்னப் பாட்டில்களில் இரண்டு மூன்று பூக்களாக மேசை நீளத்துக்கு வரிசையாக வைப்பது எனக்குப் பிடித்த முறை. எதையும் மறைக்காது, பரிமாறப் பாத்திரம் வைக்க வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் நகர்த்தினால் போதும், கிளம்பும்போது ஆளுக்கொன்று கையில் கொடுத்தும் அனுப்பலாம். பூவை இரண்டு நாள் முன்னதாக, பாதி மலர்ந்த நிலையில் வாங்குங்கள். ஜாடியைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவதுதான் பூவின் ஆயுளைக் கூட்டும் முதல் வேலை. பாக்டீரியா பெருகித் தண்டின் குழாய்களை அடைத்துக்கொள்வது பூ வாட ஒரு முக்கியக் காரணம். தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிட்டு, தண்டைக் கூரிய கத்தியால் சாய்வாக வெட்டி உடனே தண்ணீரில் வையுங்கள். ரோஜா கழுத்து தொங்கிவிட்டால் குப்பைக்கு அனுப்ப வேண்டாம். தண்டின் அடியை மீண்டும் வெட்டி, முழுப் பூவையும் தண்டோடு ஒரு மணி நேரம் தண்ணீரில் படுக்கவையுங்கள். தண்டுக்குள் புகுந்த காற்றுதான் காரணம் என்றால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

பழக்கூடையும் பூச்சாடியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது படத்துக்கு அழகு. ஆனால் பழுக்கும் பழங்கள் எத்திலீன் வாயுவை விடும், கார்னேஷன் போன்ற பூக்கள் அதில் சீக்கிரம் சுருண்டுவிடும். விருந்து நேரத்தில் மட்டும் சேர்த்து வைத்துவிட்டு இரவில் பிரித்துவிடலாம். டாஃபோடில் தண்டிலிருந்து வடியும் பால் மற்ற பூக்களைக் கெடுக்கும் என்பதால் அதற்குத் தனி ஜாடி. லில்லியின் மகரந்தம் துணியில் பட்டால் ஈரக்கையால் துடைக்கக் கூடாது, செலோடேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். மலர்ந்தவுடன் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டால் அந்த வேலையே இல்லை. வீட்டில் பூனை இருந்தால் லில்லியை உள்ளே கொண்டுவரவே வேண்டாம், அதன் சிறுநீரகத்தைப் பாழாக்கும் விஷம் அது. அரளியும் சாப்பாட்டு மேசைக்கு ஆகாது, செடி முழுக்க நஞ்சு.

பூக்கடைகளில் தண்டு குத்திவைக்கும் பச்சை நிறப் பஞ்சுக் கட்டி இருக்கிறதே, அது மக்காத பிளாஸ்டிக் வகை. நொறுங்கினால் நுண்துகள்களாகத் தண்ணீரோடு போகும். நான் அதை விட்டுவிட்டேன். கோழிவலைக் கம்பியைப் பந்துபோல் சுருட்டி ஜாடிக்குள் அடைத்தால் தண்டுகள் நின்ற இடத்தில் நிற்கும், வருடக்கணக்கில் அதே கம்பி உழைக்கும். வாயகன்ற பாத்திரம் என்றால் மேல்விளிம்பில் செலோடேப்பைக் கட்டம் கட்டமாக ஒட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தண்டு.

பருவத்தின் அடையாளம் வேண்டுமானால் கடைக்குப் போவதற்கு முன் வெளியே ஒரு நடை போய்வாருங்கள். உதிர்ந்த இலை, காய்ந்த காய்க்கூடு, வளைந்த குச்சி, உருண்டைக் கல் எல்லாம் கிடைக்கும். குழந்தைகளையும் கூட்டிப் போனால் அவர்களுக்கும் ஒரு பொறுப்பு. இலைகளைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துப் புத்தகம் ஏற்றி ஒன்றிரண்டு வாரம் விட்டால் தட்டையாகக் காய்ந்துவிடும், அதிலேயே பெயர் எழுதித் தட்டுக்குத் தட்டு வைக்கலாம். குச்சிகளை உதறி ஓரிரவு வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே கொண்டுவருவது நல்லது. எறும்புக்கு நாம் அழைப்பு அனுப்பவில்லை.

குழந்தைகளுக்குத் தனி மேசை போடுவதானால் துணி விரிப்பு வேண்டாம். பெரிய காகிதச் சுருளை விரித்து ஓரத்தை ஒட்டி, கிரேயானை நடுவில் வைத்துவிடுங்கள். சாப்பாடு வரும்வரை அலங்காரம் அவர்கள் பொறுப்பு. மினுக்குத் தூள் மட்டும் கொடுக்காதீர்கள், அடுத்த பருவக் கூட்டத்திலும் அது சோபாவில் இருக்கும்.

பழைய புகைப்படங்களை வைப்பதில் ஒரு விஷயம். அசலை வைக்காமல் நகல் எடுத்து வையுங்கள், கைமாறிக் கைமாறி எண்ணெய்க் கை படும். சுவரில் உயரத்தில் மாட்டுவதைவிட, காபிக் கோப்பை வைக்கும் சின்ன மேசையில் கலைத்துப் போட்டால்தான் கை நீளும். எங்கள் தாத்தா போன பிறகு வந்த முதல் கூட்டத்தில் அவர் நாற்காலியை என்ன செய்வது என்று எனக்குப் பெரிய குழப்பம். பூ வைத்துக் காலியாக விடலாம் என்று சிலர் சொன்னார்கள். பாட்டிதான், "அதை ஏன் பொம்மை மாதிரி வைக்கணும்? சின்னவன உக்கார வை" என்றார். அவனுக்குக் கால் தரையில் எட்டவில்லை, கீழே ஒரு முக்காலி போட வேண்டியிருந்தது. தாத்தாவின் படம் மற்றப் படங்களோடு கலந்துதான் கிடந்தது, அன்று அதிகம் கைமாறியதும் அதுதான். துக்கம் நடந்த வருடத்தில் எவ்வளவு அலங்காரம் பொருத்தம் என்பதை, வயதில் மூத்த ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

வாசலில் தோரணத்தைவிட முக்கியம் பை வைக்க ஓர் இடமும், செருப்பைக் கழற்றும்போது பிடித்துக்கொள்ளவோ உட்காரவோ ஒரு முக்காலியும். குளியலறையில் ஒரு சின்னப் பூவும் தனித்தனித் துடைதுணிகளும். அங்கே மட்டும் ஒவ்வொருவரும் தனியாக நின்று நாலா பக்கமும் பார்ப்பார்கள்.

கடைசி வேலை, எடுத்து வைப்பது. எல்லாரும் கிளம்பிய அன்றே செய்ய வேண்டாம், ஆனால் ஒரு வாரத்துக்குள் செய்துவிடுங்கள். சீரியல் லைட்டை அட்டைத் துண்டில் சுற்றி, எரிகிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே வையுங்கள். எரியாததை அடுத்த முறைக்கென்று சேர்த்து வைப்பது பெட்டிக்குத்தான் பாரம். மேசையை அடுக்கி முடித்ததும் எடுத்த படத்தை அச்செடுத்து, எந்த விளக்கு எங்கே, எந்த விரிப்பு எந்த மேசைக்கு என்று பின்னால் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அடுத்த தடவை வேறு யாராவது அடுக்கினாலும் என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. வெள்ளிக் கரண்டிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும், துணி நாடா போதும். விரிப்புகளைக் கஞ்சி போடாமல் துவைத்து மடித்து வையுங்கள். கஞ்சிக்கு வெள்ளிமீன் பூச்சி வரும்.